பிறந்த குழந்தையின் இதயமும் ஒரு பம்ப்தான்!

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் செமிகண்டக்டரைப் பற்றி வெகு அழகாகப் பேசினார். நான் கோயம்புத்தூரில் பம்ப் செய்கிறவன். எனக்குத் தெரிந்தது பம்ப்தான், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் கிணற்றில் இறக்குகிற பம்ப் இல்லை. 3 கிலோ எடையுள்ள ஓர் ஆளின் நெஞ்சுக்குள் இருக்கிற பம்ப். பிரசவ நேரத்தில் ஆக்சிஜன் கிடைக்காமல் போனால் பிறந்த குழந்தையின் இதயம் என்ன பாடுபடுகிறது என்பதுதான் விஷயம்.

"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இதுல என்ன வேலை?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. வேலை இருக்கிறது. இன்று மதியம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. சங்கம் திரட்டிய நிதியில், இந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு, மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளின் உடலைக் குளிர்விக்கும் கருவி ஒன்றை வாங்கித் தரலாம் என்று தீர்மானம். நல்ல எண்ணம். ஆனால் அதை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் நான் இங்கே நிற்கிறேன். கை தூக்குவதற்கு முன்னால் அந்தச் சின்ன பம்ப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

3 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தம் சுமார் 240 மில்லி. ஹாஸ்டல் மெஸ்ஸில் காப்பி குடித்தோமே, அந்த டம்ளரில் அடங்கிவிடும். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது 4, 5 மில்லி. ஒரு டீஸ்பூன். நிமிடத்துக்கு 120-லிருந்து 160 தடவை துடிக்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் வருகிறது. அதாவது மொத்த ரத்தமும் ஒரு நிமிடத்தில் இரண்டு தடவைக்கு மேல் சுற்றி வருகிறது. என் கம்பெனியில் இந்த அளவுக்கு இந்த வேலை செய்கிற பம்ப் செய்து காட்டச் சொன்னால், லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன்.

இதில் ஒரு சங்கதி கவனிக்கணும். உங்களுக்கும் எனக்கும் மாடி ஏறும்போது இதயம் வேகமாகவும் துடிக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் ரத்தத்தையும் தள்ளும். பிறந்த குழந்தையின் இதயத் தசை இன்னும் முதிராதது, விறைப்பானது. ஒரு துடிப்பின் அளவை அதனால் பெரிதாகக் கூட்ட முடியாது. ஸ்ட்ரோக் நிலையாக இருக்கிற பிஸ்டன் பம்ப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் வேண்டுமானால் ஆர்.பி.எம். தான் வழி. துடிப்பு 140-லிருந்து 60-க்கு இறங்கினால் ரத்த ஓட்டமும் அதே கணக்கில் விழுந்துவிடும். குழந்தை மருத்துவர்கள் துடிப்பை எண்ணுவது இதனால்தான்.

சரி, ஆக்சிஜன் ஏன் குறைகிறது? கருவில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலுக்குள் காற்று இல்லை, திரவம்தான் இருக்கிறது. ஆக்சிஜன் முழுக்க நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. நுரையீரலுக்கு ரத்தம் அதிகம் போகத் தேவையில்லை என்பதால் இரண்டு பைபாஸ் உண்டு. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு கதவு. நுரையீரலுக்குப் போகும் குழாயிலிருந்து மகாதமனிக்கு ஒரு குறுக்குக் குழாய். முதல் மூச்சு இழுத்த உடனே நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அழுத்தங்கள் இடம் மாறுகின்றன, கதவு சாத்திக்கொள்கிறது. குறுக்குக் குழாய் அடுத்த ஓரிரு நாளில் சுருங்கி மூடிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பிளாண்டில், பம்ப்பை ஒரு விநாடிகூட நிறுத்தாமல், பைப் லைன் முழுவதையும் மாற்றி இணைக்கிற வேலை இது. பெரும்பாலும் ஒரு கோளாறும் இல்லாமல் நடந்துவிடுகிறது.

சில பிரசவங்களில் அப்படி நடப்பதில்லை. நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிடலாம். தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் இறங்கி நசுங்கலாம். வலி நீண்டு, வழி அடைத்து நின்றுவிடலாம். அப்போது குழந்தையின் உடம்பு நமது மின்வாரியம் செய்வதையே செய்கிறது. லோடு ஷெட்டிங்! தோல், குடல், சிறுநீரகம், கை கால் எல்லாவற்றுக்கும் சப்ளையைக் குறைத்துவிட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. துடிப்பைக் குறைத்து இதயம் தன் செலவையும் மிச்சம் பிடிக்கிறது. பிறந்த குழந்தையின் இதயத் தசையில் கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைக் கையிருப்பு நிறைய உண்டு. ஆக்சிஜன் இல்லாமலே அதை உடைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இந்த விஷயத்தில் அது நம் இதயத்தைவிடக் கெட்டிக்கார இதயம்.

ஆனால் அந்த வழியில் வருகிற கழிவு லாக்டிக் அமிலம். ரத்தம் புளித்துப் போகிறது. புளித்த ரத்தத்தில் தசையின் இழுவை குறைகிறது. இழுவை குறைந்தால் இதயத்துக்கே வருகிற ரத்தமும் குறைகிறது. அப்புறம் சரிவுதான். முதலில் அடிபடுவது தசைச் சுவரின் உள்பக்க அடுக்கு. வால்வு இதழ்களைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருக்கும் சிறு தசைத் தூண்களும் கூடவே அடிபடுகின்றன. அவை ரத்தக் குழாய்களின் கடைமடையில் இருப்பவை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காயும்? வலது பக்கத்துத் தூண் சோர்ந்துவிட்டால் மூவிதழ் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசியும். அதே நேரத்தில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் விரியாமல் இறுக்கமாகவே இருந்தால், அந்த வலது அறை அடைத்த லைனை எதிர்த்துத் தள்ள வேண்டும். டெலிவரி வால்வை மூடி வைத்து பம்ப் ஓட்டினால் என்ன ஆகும் என்று இந்த அரங்கில் சொல்லத் தேவையில்லை.

பெரியவர்களுக்கு வருகிற மாரடைப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நமக்கு வருவது குழாய் அடைப்பு. குழந்தையின் இதயக் குழாய்கள் புத்தம் புதிது, துளி அடைப்பு கிடையாது. பெட்ரோல் லைன் சுத்தமாக இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வைத்தியமே அதனால் தலைகீழாகிறது. பெரியவர் திடீரென்று நின்றுபோய் விழுந்தால் முதலில் நெஞ்சை அழுத்து என்கிறோம். பிறந்த குழந்தைக்கு முதலில் நுரையீரலுக்குக் காற்று. காற்று போனால் பெரும்பாலும் இதயம் தானே எழுந்துகொள்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் இல்லை. 2018-ல் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை அப்போது மஸ்கட்டில். தாய்மாமன் என்கிற முறையில் நான்தான் வராண்டாவில் நின்றேன். சின்ன ஊர், சின்ன மருத்துவமனை. நஞ்சு பிரிந்து ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. அவசரமாகச் சிசேரியன். அழுகைச் சத்தத்துக்காகக் காது கொடுத்து நின்றேன். வரவில்லை. கதவு இடுக்கில், வயதான ஒரு சிஸ்டர் மேசை மேல் குனிந்து ஒரு ரப்பர்ப் பையை அமுக்குவது தெரிந்தது. "சிஸ்டர், என்னாச்சு?" என்றேன். "தம்பி, தள்ளி நில்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

பிறகுதான் விவரம் சொன்னார்கள். பிறந்தபோது துடிப்பு 50. முதலில் முகமூடி சரியாகப் பதியவில்லை, காற்று பக்கவாட்டில் போயிருக்கிறது. தலையைச் சற்று நிமிர்த்தி, முகமூடியைத் திரும்பப் பொருத்தினார். நெஞ்சு எழும்பியது. அரை நிமிடத்தில் துடிப்பு நூறைத் தாண்டியது. நெஞ்சை அழுத்தவோ ஊசி போடவோ தேவைப்படவில்லை. அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டிலிருந்து புடவை போகிறது.

அத்தோடு முடியவில்லை. ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் கை கால் ஜில்லென்று இருந்தது, சிறுநீர் குறைந்தது, ரத்த அழுத்தம் நிற்கவில்லை. டாக்டர் ஸ்டெத் வைத்தபோது ஒரு முணுமுணுப்புச் சத்தம். எக்கோவில் பார்த்தால், நான் சற்று முன் சொன்னேனே, அதே வால்வுக் கசிவு. இதயச் சுருக்கமும் பலவீனம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதமும் கூடியிருந்தது. நான் மூளையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னார்: "மூளைக்கு ரத்தம் அனுப்புறது யாருங்க? முதல்ல அவன் நிக்கட்டும்." டோபுடமின் என்ற மருந்து ஓடியது. தண்ணீரை அளந்து அளந்து கொடுத்தார்கள். அதிகம் ஏற்றினால் சோர்ந்த பம்ப் தாங்காது. சர்க்கரை, கால்சியம், ரத்தத்தின் அமிலத்தன்மை எல்லாவற்றையும் மணிக்கணக்கு வைத்துப் பார்த்தார்கள்.

இந்த இதயப் பாதிப்பு மருத்துவர்களுக்குப் புதிதல்ல. தற்காலிக ரத்தக் குறைவால் இப்படி இதயம் சோர்ந்துபோகும் பச்சிளங்குழந்தைகளைப் பற்றி 1972-லேயே எழுதியிருக்கிறார்கள். அதில் 'தற்காலிக' என்ற சொல்தான் எங்கள் வீட்டைத் தாங்கிப் பிடித்தது. குழந்தை அந்த முதல் சில நாட்களைக் கடந்துவிட்டால், இதயம் பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ மீண்டுவிடுகிறது. மூளைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. என் மருமகனுக்கு மூன்றாவது வாரம் எக்கோ எடுத்தார்கள்; கசிவு இல்லை, சுருக்கம் சரி. வலது கை மட்டும் இன்றும் கொஞ்சம் பின்தங்கித்தான் வருகிறது. பிசியோதெரபி நடக்கிறது. பள்ளிக்கூடம் போகிறான், இடது கையால் எழுதுகிறான், என்னைவிட நல்ல கையெழுத்து.

அவனையும் அங்கே குளிர்வித்தார்கள். ஆகவே நான் அந்தக் கருவிக்கு எதிரி இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, உடல் வெப்பத்தை 33.5 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் அங்கேயே நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல ஏற்றுவது முறை. மூளைச் செல்கள் தாமதமாகச் சாவதை இது குறைக்கிறது. மேலை நாடுகளில் 2005-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளால் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. ஆனால் குளிரில் இதயமும் மெதுவாகும். மானிட்டரில் 90 என்று பார்த்துவிட்டு நான் அலறி நர்ஸைக் கூப்பிட்டேன். "குளிருக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். எந்தத் துடிப்பு குளிரால் குறைந்தது, எது சோர்வால் குறைந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ், தினம் எக்கோ, வென்டிலேட்டர், கேட்ட நேரத்தில் ரத்தப் பரிசோதனை. அந்த அறையில் இருந்தவற்றில், வாங்குவதற்கு மிகச் சுலபமானது குளிர்விக்கும் கருவிதான்!

இப்போது அந்த ஆய்வுக்கு வருகிறேன். ஹீலிக்ஸ் என்று பெயர். இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் நடந்தது, சென்னையும் அதில் உண்டு. 408 குழந்தைகள். 2021-ல் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. குளிர்விக்காமல் மற்ற கவனிப்பு மட்டும் கொடுத்தவற்றில் 31 சதவீதம். தலைகீழ்! ஏன் என்று மருத்துவ உலகம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. நம் குழந்தைகளுக்கு மூச்சுத்தடை நேரும் விதமே வேறா, வேறொரு மருத்துவமனையில் பிறந்து தாமதமாக வந்துசேர்ந்தவையா என்று பல பக்கம் பேசுகிறார்கள். நம் நாட்டிலேயே நல்ல பலனோடு செய்கிற இடங்களும் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து ஓர் இந்திய நிறுவனம், உருகும்போது வெப்பத்தை உள்வாங்கும் பொருளை வைத்து ஒரு தொட்டிலே செய்திருக்கிறது. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த உள்ளுறை வெப்பம்தான்! எனக்கு அந்தத் தொட்டில் மேல் ஒரு காதலே உண்டு. ஆனாலும் பொறியாளர்களாகிய நாம், இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, தயாராக இல்லாத ஒரு வார்டில் அந்தக் கருவியை இறக்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

போன மாதம் நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் அந்த மருத்துவமனைக்குப் போனோம். எக்கோ பார்க்கிற டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். பிரசவ அறையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதா என்று கேட்டோம். "மிஷின் இருக்கு சார், ஒயர்தான் இல்லை" என்றார் சிஸ்டர். குழந்தையின் வலது கையில் சுற்றுகிற சின்ன ப்ரோப் கிழிந்துபோய், பிளாஸ்டர் போட்டு ஒட்டி, அதுவும் போய்விட்டது. மானிட்டர் பளபளவென்று நிற்கிறது.

இந்த ஆக்சிமீட்டரை யோசித்தவர் நம் ஜாதி, ஓர் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். ஜப்பானைச் சேர்ந்த டகுவோ அயோயாகி. சாயத்தைச் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து சிக்னலைக் கெடுத்தது. அந்தத் தொந்தரவை ஒழிக்க முயன்றபோதுதான், அந்தத் துடிப்பிலேயே ஆக்சிஜன் அளவு ஒளிந்திருக்கிறது என்று கண்டார். 1974-ல் வெளியிட்டார். 2020-ல் காலமானார். அவர் புண்ணியத்தில்தான் இன்று ஊசி குத்தாமல் ஆக்சிஜனும் துடிப்பும் சேர்ந்து தெரிகிறது. ஆரோக்கியமான குழந்தைக்கே பிறந்த முதல் நிமிடத்தில் 60, 65 சதவீதம்தான் காட்டும், பத்து நிமிடம் ஆகும் 85-ஐத் தாண்டி நிலைப்பதற்கு. அது தெரியாவிட்டால் பயந்துபோய்த் தேவையில்லாமல் ஆக்சிஜனைத் திறந்துவிடுவோம். நிறைமாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்றே போதும் என்பதுதான் இப்போதைய முறை.

அந்த ரப்பர்ப் பை இருக்கிறதே, அதிலும் நம் ஆள் உண்டு. டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து டாக்டரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற இன்ஜினியரும் சேர்ந்து 1956-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'அம்பு பேக்' என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்களே, அதுதான். சிலிண்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், அமுக்கினால் தானே உப்பிக்கொள்ளும். குழந்தைப் பையில் கால் லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 40-லிருந்து 60 அமுக்கல். அழுத்தம் எகிறினால் திறந்துகொள்ள ஒரு ரிலீஃப் வால்வு. வாத்து மூக்கு மாதிரி ஒரு ஒருவழி வால்வு. கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டும்போது அந்த வாத்து மூக்கு தலைகீழாகப் போய்விட்டாலோ, ரிலீஃப் வால்வு ஒட்டிக்கொண்டாலோ, பை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குழந்தைக்குக் காற்று போகாது, அல்லது அளவு மீறிப் போகும். உள்ளங்கையால் முகமூடியை அடைத்து ஒரு அமுக்கு அமுக்கினால், வால்வு திறக்கிற சத்தம் கேட்க வேண்டும். பத்து விநாடி டெஸ்ட். நாங்கள் பார்த்த நான்கு பைகளில் இரண்டுதான் தேறின.

ஆகவே என் திருத்தம் இதுதான். நிதியில் ஒரு பங்கை எடுத்துப் புதிய பைகள், 0 மற்றும் 1 நம்பர் முகமூடிகள், வால்வு உதிரிகள், குழந்தைக்கான ப்ரோப்கள், துடிப்பை இன்னும் சீக்கிரம் காட்டுகிற ஈ.சி.ஜி. ஒயர்கள் வாங்குவோம். பாக்கியை வங்கியில் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் உதிரி வாங்குவோம். உள்ளூரில் இருக்கும் நம் ஆட்கள் நாலு பேர் முறை வைத்து மாதம் ஒரு சனிக்கிழமை போய் எல்லாவற்றையும் சோதித்து எழுதி வைப்பது. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து மூன்று மணி நேர பஸ், வந்துவிடுவேன். முகமூடி மேல் சங்கத்தின் பெயர் பொறிக்க இடம் இருக்காது, கல்வெட்டுத் திறப்பு விழாவும் வராது. அதற்குப் பொருளாளர் அண்ணன் என்னை மன்னிக்கணும்.

வெளியே சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். ஒரு பை, இரண்டு முகமூடி, ஒரு குழந்தைப் பொம்மை. வரிசையில் நிற்கிற நேரத்தில் ஆளுக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். பொம்மையின் நெஞ்சு எழும்பணும். முதல் தடவை அநேகமாக யாருக்கும் எழும்பாது, பக்கவாட்டில் காற்று போகும்; கன்னத்தைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினால் வரும். விலைப்பட்டியலும் அங்கேயே இருக்கிறது. தீர்மானம் மூன்று மணிக்கு.